கண்ணுக்குள்ள முளைச்சது

கண்ணுல விட்ட மருந்து தொண்டையில வந்து கசக்குது. இது எப்பிடின்னு ஒச்சம்மாளுக்குப் புரியல. கண்ணு மேல இருக்கு, தொண்டை கீழ இருக்கு, நடுவுல மூக்கு இருக்கு, எல்லாம் தனித்தனி வீடுன்னுதான் இம்புட்டு நாளா நெனச்சிருந்தா. இப்பப் பாத்தா உள்ளுக்குள்ள சந்து சந்தா வழி இருக்கு போல, ஒரு வீட்டுச் சாக்கடை அடுத்த வீட்டு வாசல்ல வந்து நிக்கிற மாதிரி. அப்ப கண்ணுல இருக்குற அதுவும் இப்பிடியே வழிஞ்சு வாய்க்குள்ள வந்துருமா. நெனச்ச மாத்திரத்துல எச்சியை முழுங்க முடியல அவளுக்கு. வாயோரத்துல சேத்து வச்சுக்கிட்டே ஒக்காந்திருக்கா. எச்சி துப்பக்கூடாதுன்னு செவுத்துல எழுதியிருந்ததை உள்ள வரும்போது பாத்தா, இப்ப அந்த எழுத்தெல்லாம் கஞ்சியில ஊறுன பருக்கை மாதிரி ஊதிப்போயி நிக்குது. ஜன்னல் வெளிச்சம் உப்பை அள்ளி அப்புன மாதிரி கூசுது. மதுரையில ஒரு கண்ணாஸ்பத்திரி, மாடியில நீளமா ஒரு கூடம், வரிசையா இரும்பு நாற்காலி. கண்ணுக்குள்ள ஊசி போடக் காத்திருக்குற சனம் அம்புட்டுப் பேருக்கும் ஒரு புருவத்துக்கு மேல துண்டுப் பிளாஸ்திரி ஒட்டியிருக்கு, எந்தக் கண்ணுன்னு மாறிப்போயிரக் கூடாதுல்ல. ஒச்சம்மாளுக்கு வலது. சந்தையில வெலை முடிஞ்ச ஆட்டுக்கு நெத்தியில மையைத் தடவி விடுவாங்களே, அதை நெனச்சுக்கிட்டா. எதுத்த வரிசையில ஒரு ஆளு சட்டைக் கையாலயே கண்ணுப் பீளையை வழிச்சு, வழிச்ச கையைப் பாத்துட்டு, நாற்காலிக் கம்பியில தடவுறான். அந்தக் கம்பியை யாரு தொட்டாங்களோ. இவ ஒக்காந்திருக்குற கம்பியை யாரு தொட்டாங்களோ. கையை மடிக்குள்ள இழுத்துக்கிட்டா.

பக்கத்துல அவ நாத்தனா வெள்ளத்தாயி, தொணைக்குன்னு வந்தவ, மடியில அவிச்ச கடலையைக் கொட்டி வச்சு உரிச்சு உரிச்சு வாயில போட்டுக்கிட்டிருக்கா. "மதினி, நாலு கடலை தின்னுங்களேன். வெறும் வாயோட எம்புட்டு நேரம் ஒக்காந்திருப்பீக." "எனக்கு வேணாம். நீயும் அங்கிட்டுத் திரும்பித் தின்னு." "ஏன், என் மூஞ்சி புடிக்கலையாக்கும்." "மெல்ற சத்தம் கொமட்டுதுத்தா." வெள்ளத்தாயி சிரிச்சா. "குடல் கழுவுற பொம்பளைக்குக் கடலை கொமட்டுதாம். வெளிய சொல்லிராதீக, கடைக்கு ஆளு வராது." அவ சொல்றதுலயும் நாயம் இருக்கு. உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒச்சம்மா மெஸ்ஸுன்னா குடல் குழம்புக்கும் தலைக்கறிக்கும்தான் பேரு. விடியக்காலம் குடல் வந்து எறங்கும், உள்ள பச்சைப் பச்சையாப் புழுக்கை, அதைப் பிதுக்கித் தள்ளி, குச்சியில மாட்டி உள்பக்கத்தை வெளிப்பக்கமாத் திருப்பி, சுண்ணாம்பு தடவி, சுடுதண்ணி ஊத்திச் சுரண்டுவா. அந்தக் கையாலயே டம்ளரை எடுத்து டீ குடிப்பா. ஒரு தடவை வெள்ளத்தாயி புருஷன் கூடமாட ஒத்தாசை பண்றேன்னு வந்து, ஆட்டுத்தலையை ரெண்டாப் பொளந்ததும் மூளை தெரிஞ்சதைப் பாத்துட்டு அப்பிடியே அடுப்படியில சாஞ்சிட்டாரு. பெரிய சண்டியரு, ஜல்லிக்கட்டு மாட்டை அமுக்குனவரு. மூஞ்சியில தண்ணி தெளிச்சு எழுப்பி, "அண்ணே, உங்க மண்டைக்குள்ளயும் இதே சரக்குதான் கெடக்கு, பயப்படாம எந்திரிங்க"ன்னு சொன்னா ஒச்சம்மா. அன்னைக்கு எல்லாரும் சிரிச்சாங்க. இன்னைக்கு அந்தப் பேச்சு அவளுக்கே திரும்பி வந்து காதுல ஒக்காந்துக்கிட்டு எந்திரிக்க மாட்டேங்குது. உங்க மண்டைக்குள்ளயும் இதேதான். ஆட்டுக்குள்ள கெடந்தா கறி, தனக்குள்ள கெடந்தா அருவருப்பு. அது ஏன் அப்பிடி. ஆடு செத்துப்போச்சு, அதுக்குள்ள எதுவும் அசையாது, அதனாலயா. இவளுக்குள்ள இருக்குறது அசையுது. வளருது. இப்பக் கடலை மெல்ற இந்த நேரத்துல கூட ஒரு நூல் நீளம் வளந்திருக்கும்.

மொதமொத அதை முடின்னுதான் நெனச்சா. சோத்துல முடி. தாலுகா ஆபீஸ்ல வேலை பாக்குற சாரு ஒருத்தரு, தெனமும் மத்தியானம் அதே ஓரத்து மேசையில வந்து ஒக்காருவாரு. அன்னைக்கு அவரு எலையில சோத்தை வச்சிட்டுக் குழம்பு ஊத்தக் குனிஞ்சா, வெள்ளைச் சோத்து மேல கறுப்பா ஒரு முடி சுருண்டு கெடக்கு. மெஸ்ஸு நடத்துறவளுக்கு அதை விட அசிங்கம் உண்டா. அவரு பாக்குறதுக்குள்ள எடுத்துறலாம்னு சட்டுனு வெரலை விட்டா. முடி நகந்துச்சு. மறுபடி விட்டா. மறுபடி நகந்துச்சு, வேணும்னே வெளையாடுற மாதிரி. அவரு சோத்துக்குள்ள இவ வெரலு போகுது, வருது, பொறுக்குது, ஒண்ணும் சிக்கல. "என்னம்மா தேடுற" ன்னாரு. "முடி சார்." "எங்க இருக்கு." "இந்தா, இங்கனதான்." அவரு எலையைப் பாத்தாரு, இவ வெரலைப் பாத்தாரு, இவ மூஞ்சியைப் பாத்தாரு, எந்திரிச்சுக் கை கழுவப் போயிட்டாரு. சோறு மேல கையே வைக்கல. அதுக்கப்புறம் அந்த மேசைப் பக்கமே வரல. ஒச்சம்மா நிமிந்து செவுத்தைப் பாத்தா, செவுத்துலயும் அதே முடி. வாசல்ல பாத்தா வாசல்லயும். வானத்துல பாத்தா வானத்துலயும் அதே முடி சுருண்டு மெதந்துக்கிட்டு இருந்துச்சு. அப்பத்தான் தெரிஞ்சுச்சு, அது சோத்துல இல்ல. ஊரெல்லாம் பாக்குற எல்லாத்து மேலயும் தானேதான் முடியைப் போட்டுக்கிட்டு அலையுறோம்னு.

அதுக்குக் கொஞ்ச நாளைக்கு முன்னாடியே ஒரு டாக்டரு பாத்துச் சொன்னாருங்கிறதுதான் வயித்தெரிச்சல். ஊர்ல கல்யாண மண்டபத்துல கண்ணு முகாம் போட்டிருந்தாங்க. சக்கரை இருக்குறவங்க எல்லாம் வரணும்னாங்க, போனா. ஒரு டாக்டரு லைட்டை அடிச்சுப் பாத்துட்டு, "உள்ள புதுசா ரத்தக்குழா முளைச்சிருக்குதும்மா, சீக்கிரம் மதுரைக்குப் போயிக் காட்டுங்க"ன்னாரு. இவ காதுல புதுசுங்கிறதும் ரத்தமுங்கிறதும் முளைச்சிருக்குங்கிறதும் மட்டும்தான் விழுந்துச்சு. இந்த மூணுல எது கெட்ட வார்த்தை, சொல்லுங்க. முளைக்கிறது நல்லதுதான. புது ரத்தம் ஊறுதுன்னா ஒடம்பு தேறுதுன்னுதான அர்த்தம். வீட்டுக்கு வந்து புருஷன்ட்ட, "இந்த வயசுல எனக்குக் கண்ணுல புது ரத்தம் ஊறுதாம், பாத்துக்க"ன்னு பெருமையாச் சொன்னா. தவசியும், "நாந்தான் சொன்னேன்ல, ஒனக்கு ஒண்ணும் செய்யாதுன்னு" ன்னாரு. மதுரைக்குப் போங்கிறதை, ஆஸ்பத்திரிக்காரங்க எல்லாரும் சொல்ற பேச்சுன்னு விட்டுட்டா. சும்மா விட்டிருந்தாக்கூடப் பரவாயில்ல. முளைக்கிறது நல்லா முளைக்கட்டும்னு சுவரொட்டியை வேற எடுத்து வச்சா. சுவரொட்டின்னா ஆட்டு மண்ணீரலு, கறுஞ்செவப்பா நாக்கு மாதிரி இருக்கும், ரத்தம் ஊறும்னு புள்ளத்தாச்சிக்கெல்லாம் குடுப்பாங்க. ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை கறிக்கடைக்காரர்ட்டச் சொல்லி வச்சு வாங்கி, மொளகு போட்டுச் சட்டியில பெரட்டி, வெறும் வயித்துல தின்னுட்டு, அது கண்ணுக்கு ஏறுற மாதிரி செத்த நேரம் படுத்து வேற கெடந்தா. இப்ப அதை நெனச்சா, நாக்குல அந்த ரப்பர் மாதிரிக் கடி, பச்சை ரத்த வாடை, எல்லாம் இந்த மருந்துக் கசப்போட சேந்துக்கிட்டு மேலுக்கு வருது. பின்னாடி தண்ணித்தொட்டிச் செவுத்துல ஒரு அரசங்கன்னு முளைச்சப்பவும் இதே கூத்துதான், அரசமரம் தானா முளைச்சா புடுங்கக் கூடாதுன்னு தண்ணி தெளிச்சு வளத்தாங்க புருஷனும் பொஞ்சாதியும். ஒருநா தொட்டி வெடிச்சுத் தண்ணி பூரா ரோட்டுக்குப் போச்சு. ஒடைச்சுப் பாத்தா செவுத்துக்குள்ள வேரு, வெள்ளை வெள்ளையா, செங்கல்லைச் சுத்திப் பின்னிக்கிட்டு, ஈரமா. அன்னைக்கும் ஒமட்டுச்சு. அது செவுரு, கொத்தனாரைக் கூப்பிட்டு ஒடைச்சுக் கட்டியாச்சு. மண்டையை எந்தக் கொத்தனாரு ஒடைச்சுக் கட்டுவான்.

காலையில டாக்டரம்மா படத்தைக் காட்டாம இருந்திருக்கலாம். சின்னப் பொண்ணு, நல்ல மாதிரி, கம்ப்யூட்டரைத் திருப்பி, "இதுதாம்மா உங்க கண்ணோட உள்பக்கம்"ன்னுச்சு. ஆரஞ்சு நெறத்துல ஒரு உருண்டை. அதுக்கு நடுவுல, மழை பேஞ்ச மறுநா அம்மியைப் பெரட்டுனா அடியில மம்பூச்சி, அதான் மண்புழு, கும்பலாக் கெடக்குமே, அந்த மாதிரி செவப்பா, மெலுசா, ஒண்ணுக்குள்ள ஒண்ணு முடிச்சுப் போட்டுக்கிட்டு. அங்கங்க ரத்தம் கசிஞ்சு திட்டுத் திட்டா. ஒச்சம்மா சேலைத் தலைப்பை வாயில பொத்திக்கிட்டா. "இது நான் சுவரொட்டி தின்னதால வந்துச்சாம்மா"ன்னு கேட்டா. அந்தப் பொண்ணுக்குச் சுவரொட்டின்னா என்னன்னே தெரியல, வெள்ளத்தாயிதான் வெளக்கம் சொன்னா, கேட்டுட்டுச் சிரிப்பை அடக்கிக்கிட்டு, "சாப்பாட்டால இது முளைக்காதும்மா. சர்க்கரையால வந்தது. நீங்க லேட்டா வந்ததுதான் தப்பு"ன்னுச்சு. அப்புறம் பொறுமையாச் சொல்லுச்சு. "ரத்தக்குழாய் போடுன்னு சொல்றதுக்கு உடம்புல சரக்கு இருக்கும்மா. போடாதேன்னு தடுக்குறதுக்கும் சரக்கு இருக்கு. ரெண்டையும் உங்க உடம்பேதான் சுரக்குது. வளந்த ஆளுக்கு எப்பவும் தடுக்குற பக்கம்தான் ஓங்கி நிக்கும். புண்ணு ஆறணும்னா கொஞ்சம் விட்டுக் கொடுக்கும். மாசாமாசம் கர்ப்பப்பையில விட்டுக் கொடுக்கும், குழந்தை தங்கினா விட்டுக் கொடுக்கும். வேலை முடிஞ்சதும் போதும்னு நிறுத்திடும். கண்ணுக்கு முன்னாடி இந்தக் கண்ணாடி மாதிரி இருக்கே, அங்க ஒண்ணைக்கூட உள்ள விடாது. விட்டா நமக்கு எப்படிப் பார்வை தெளிவா தெரியும்." "அப்ப எனக்கு அது செத்துப்போச்சாம்மா, அந்தத் தடுக்குற ஆளு." "சாகல. அவர் பேச்சு எடுபடல. சர்க்கரையால பழைய குழாயெல்லாம் அடைச்சுப் போச்சு, பின்னாடி இருக்குற திரைக்குச் சாப்பாடு வரல. அது பசிக்குதுன்னு கூப்பாடு போடுது. அந்தக் கூப்பாட்டைக் கேட்டு இதெல்லாம் கிளம்பி வருது. அவசரத்துல வந்தது, எதுவும் உருப்படியா இருக்காது, ஒழுகும். இப்படியே விட்டா திரையைப் பிடிச்சு இழுத்து உரிச்சிடும். அப்புறம் வெளிச்சம்கூடத் தெரியாதும்மா. இந்த ஊசி அந்தக் கூப்பாட்டை அடக்கும்."

தடுக்குற ஆளு. அது ஒண்ணு மட்டும் ஒச்சம்மா மனசுல முள்ளு மாதிரிச் சிக்கிக்கிட்டு நிக்குது. அம்புட்டு ஆட்டுக்கண்ணைத் தோண்டியிருக்கா கட்டை வெரலால, முன்னாடி இருக்குற அந்தத் தோலு வெங்காயச் சருகு மாதிரி இருக்கும், ஒரு சொட்டு ரத்தம் பாத்ததில்ல அதுல. நெஞ்செலும்பு ஓரத்துல குருத்து இருக்குமே, நறுக்கு நறுக்குன்னு கடிப்பாங்களே, அதுலயும் ரத்தம் கெடையாது, வெள்ளை வெளேர்னு இருக்கும். ஆட்டுக்கு உள்ளயும் ஒருத்தன் காவலுக்கு நின்னிருக்கான், இங்கிட்டு வராத, அங்கிட்டுப் போன்னு. புல்லைத் தின்னுட்டுத் திரியுற ஆட்டுக்கு ஒழுங்கா நின்னவன் இவளுக்கு ஏன் நிக்கல. நின்னானாம், பேச்சு எடுபடலையாம். எப்பிடி எடுபடும். அவ வாழ்க்கையில வேணாம்னு சொல்லி யாரைத் திருப்பி விட்டிருக்கா. எலையில ஒக்காந்தவன் கையை வச்சு மறைச்சாலும் கைமேலயே குழம்பை ஊத்துறவ. பசின்னு ஒரு சத்தம் கேட்டாப் போதும், கரண்டி தானா எந்திரிக்கும். கடைசியில அவ மண்டைக்குள்ளயே ஒண்ணு பசிக்குதுன்னு கத்திக் கெடந்திருக்கு, அது அவளுக்குக் கேக்கல, அந்தப் பூச்சிகளுக்குக் கேட்டிருக்கு. சோறு கொண்டாரோம்னு வந்து வீட்டுக்குள்ள ரத்தத்தைக் கக்கி வச்சிருக்குதுக. அசிங்கம் புடிச்ச ஒடம்பு. இந்த ஒடம்பையா தெனமும் மஞ்ச தேச்சுக் குளிப்பாட்டிப் பொட்டு வச்சோம். எச்சி வாயில நெறஞ்சுபோச்சு. முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல. ஊசி கண்ணுக்குள்ள எறங்கும்போது என்ன ஆகும். ஆட்டுக்கண்ணைக் கத்தி நுனியில தொட்டா மொதல்ல நெளியும், அப்புறம் பொதுக்குனு தண்ணி வரும், கைமேல வழவழன்னு. அந்தத் தண்ணி கன்னத்துல வழிஞ்சா. அது வாய்க்குள்ள போனா. ஊசி போடுற கண்ணை மூடவே விடாம கவ்வி ஒண்ணு மாட்டுவாங்களாம், பக்கத்துல இருந்த கெழவரு சொன்னாரு, ரொம்பச் சாதாரணமா, பல்லுக்குத்திக்கிட்டே.

"ஒச்சம்மா, ஒச்சம்மா தவசி"ன்னு நர்ஸு கூப்பிட்டது கேட்டுச்சு. "மதினி, உங்களைத்தான்." ஒச்சம்மா எந்திரிச்சா. எந்திரிச்சு, கூப்பிட்ட பக்கம் போகாம எதிர்ப்பக்கம் நடந்தா. "அங்கிட்டு எங்க போறீக." "துப்பிட்டு வாரேன்." துப்பத்தான் போனா. அப்பிடியே மாடிப்படி எறங்கி, பஸ் ஏறி, ராத்திரி வியாபாரத்துக்குப் போயி நிக்கணும்னுதான் போனா. ஒரு கண்ணு போனா என்ன, இன்னொண்ணு இருக்குல்ல. அதுலயும் ஆரம்பிச்சிருக்குன்னு டாக்டரம்மா சொன்னதை நெனைக்காம இருக்கப் பாத்தா. கை கழுவுற தொட்டியில எச்சியைத் துப்புனா, மஞ்சளா இருந்துச்சு, தண்ணியைத் தொறந்து விட்டு அது போற வரைக்கும் பாக்காம நின்னா. நிமிந்தா கண்ணாடி. மருந்து போட்டதுல கண்ணுமணி ரெண்டும் விரிஞ்சு, ஓரத்துல கோடு தவிர பாக்கியெல்லாம் கறுப்பு. ஆடு உசுரோட இருக்கையில கண்ணுமணி கீறி விட்ட மாதிரிக் குறுக்க இருக்கும். அறுத்துப்போட்டதும் அந்தக் கீறல் மெல்ல விரிஞ்சு குழியாயிரும். அப்புறம் முன்னாடி கையை ஆட்டுனாலும் அதுல ஒண்ணும் நடக்காது. எத்தனை தலையில பாத்திருக்கா அந்தக் கண்ணை. இப்ப அது அவ மூஞ்சியில இருந்து அவளைப் பாக்குது. இடது கண்ணைக் கையால பொத்துனா. வலது கண்ணு மட்டும் பாத்துச்சு. கண்ணாடியில நெத்தி இருக்கு, பிளாஸ்திரி இருக்கு, தோடு இருக்கு. நடுவுல மூஞ்சி இல்ல. மூக்கும் வாயும் இருக்க வேண்டிய எடத்துல பழுப்பா ஒரு அழுக்கு, ஓரமெல்லாம் நூல் நூலா ஆடிக்கிட்டு. மெல்ல வாயைத் தொறந்து பாத்தா. தொறந்தது ஒடம்புக்குத் தெரியுது, கண்ணாடிக்குத் தெரியல. தலையைச் சாய்ச்சா அழுக்கும் கூடவே சாயுது. பக்கத்துல ஒரு பொம்பளை புள்ளைக்கு மூக்குச் சிந்திவிட்டுக்கிட்டு இருந்தா, சளி வழிஞ்சுச்சு, அந்தச் சத்தம் கேட்டுச்சு, அந்தப் பக்கம் திரும்புனா சளியுங் காணோம், புள்ள மூஞ்சியுங் காணோம். கொமட்டக்கூட வழியில்லாம வெறும் சத்தம். இன்னொரு கண்ணும் போனா எல்லாமே இப்பிடித்தான்னு அப்பத்தான் அவளுக்கு ஒறைச்சுச்சு. கையை எடுத்தா. சேலையில தொடைச்சா. "வாரேன், வாரேன், கத்தாத"ன்னு வெள்ளத்தாயிட்டச் சொல்லிக்கிட்டே நர்ஸு நின்ன கதவுப் பக்கம் நடந்தா.

உள்ள குளிரு. படுக்க வச்சு மூஞ்சி மேல துணியைப் போட்டு, வலது கண்ணுக்கு மட்டும் ஓட்டை. அந்த ஓட்டைக்குள்ள கரும்பழுப்பா ஒரு மருந்தை ஊத்துனாங்க. கவ்வியை மாட்டுனாங்க. இமை மூடப் பாக்குது, முடியல, மூடப் பாக்குது, முடியல, அந்தத் தவிப்பு வலியை விடக் கேவலமா இருந்துச்சு. "அம்மா, கீழ உங்க கால் பக்கம் பாருங்க. ஆடாதீங்க." காலைப் பாத்தா. கால் எங்க இருக்கு, எல்லாம் பால் வெளிச்சம். ஒரு அழுத்து. அம்புட்டுத்தானா. பொதுக்குனு ஒண்ணும் வழியல. ஆனா உள்ள ஒண்ணு நடந்துச்சு. வெளியில இருந்து பாக்குற மாதிரியே இல்ல, உள்ள இருந்துக்கிட்டே பாத்தா. மேல இருந்து ஒரு புகை எறங்குச்சு, தண்ணியில பால் ஊத்துனா பிரியுமே அப்பிடி, நெளிஞ்சு, சுழிச்சு, கீழ போயிப் படிஞ்சுச்சு. அதுக்கும் ஒடம்பு ஒரு தடவை சிலுத்துச்சு. இன்னொருத்தரு எச்சி பட்ட தண்ணியைக் குடிச்ச மாதிரி. போ, போயி அந்தச் சனியனுக கூப்பாட்டை அடக்குன்னு மனசுக்குள்ள சொன்னா. சொல்லும்போதே அது யாருக்குச் சொன்னோம்னு தெரியல, மருந்துக்கா, உள்ள நிக்கிற அந்த ஆளுக்கா.

கவ்வியை எடுத்ததும் இமை விழுந்துச்சு, அப்பிடி ஒரு சொகம். தொடச்சி விட்டு நர்ஸு பொண்ணு சொல்லுச்சு, "இந்தக் கண்ணை மட்டும் தொறங்கம்மா. நல்லா ஓரமாப் பாருங்க. இது எத்தனை வெரல்." ஒச்சம்மா பாத்தா. நடுவுல அந்த அழுக்கு அப்பிடியேதான் இருக்கு, அதுக்குள்ள இப்ப புதுசா ரெண்டு கறுப்புக் குமிழி வேற மெதக்குது. இதெல்லாம் இன்னும் பல ஊசி கேக்கும்னு சொல்லித்தான் இருந்தாங்க. கண்ணைத் திருப்பி, தலையைச் சாய்ச்சு, அழுக்குக்கு அந்தப் பக்கம் இருந்த ஓரத்து வழியா எட்டிப் பாத்தா. ரப்பர் உறை மாட்டுன கை. "மூணு"ன்னா. "கரெக்ட். சூப்பர்ம்மா." நர்ஸு கையை எறக்கப் போச்சு. "இரு தாயி"ன்னா ஒச்சம்மா. "அந்த நடுவெரல்ல என்னமோ ஒட்டியிருக்கு. பழுப்பா, கொழகொழன்னு." நர்ஸு பாத்துச்சு. மருந்துதான், துளி, வெரல் இடுக்குல. "அட, ஆமாம்மா"ன்னுச்சு. ஒச்சம்மாளுக்கு வயித்தைப் பொரட்டுச்சு. நல்லாப் பொரட்டுச்சு. இன்னொரு தடவை அந்த வெரலையே பாத்தா.

"கழுவிட்டு அடுத்த ஆளைத் தொடு"ன்னு சொல்லிட்டு, எந்திரிச்சு ஒக்காந்தா.